வல்லோசையும் மெல்லோசையும்: உல்வர் குழுவினரின் மூன்று இசைத்தட்டுக்கள்

இனிய ஓசை நன்மையைக் குறிப்பது, கடிய ஓசை தீமையைக் குறிப்பது என்னும் எண்ணம் செவியுடையார் எல்லாரிடத்தும் இயல்பாகவே அமைந்து கிடக்கின்றது. காக்கையின் கூட்டிற் களவாக முட்டையிடும் குயிலைப் போற்றி, வயலில் எலி பிடிக்கும் கூகையை வெறுப்பவர், அவ்விரு பறவைகளின் செயல்களை ஆராய்ந்து அம்முடிபிற்கு வந்தாரல்லர். செவியே தீர்ப்புக் கூறிவிடுகின்றது. கலைகளை மதிப்பிடுமிடத்தும் பெரும்பாலும் இத்தீர்ப்பே நிலைபெறுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நோர்வே நாட்டு இளைஞர் சிலர் வெளியிட்ட மூன்று இசைத்தட்டுக்கள் இத்தீர்ப்பை மறு விசாரணைக்கு உட்படுத்துவனவாய் உள்ளன. உல்வர் என்பது அவர்தம் குழுவின் பெயர். ஓநாய்கள் என்பது அதன் பொருள். 1995இல் 'பேர்க்தாத்', 1996இல் 'குவெல்சாங்கர்', 1997இல் 'நாத்தென்ஸ் மத்ரிகால்' என ஆண்டுக்கொன்றாக அவை வெளிவந்தன. மூன்றனையும் ஒருங்கு வைத்துக் கேட்போருட் பலர், முதலாவது நன்றென்றும், இரண்டாவது இனிதென்றும், மூன்றாவது செவிக்குப் பகையென்றும் கூறி அவ்வளவில் அமைவர். அக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இக்குழுவினர் தோன்றிய இசைமரபு 'பிளாக் மெற்றல்' எனப்படும். கரிய உலோகம் என்பது சொற்பொருள். வெனம் என்னும் ஆங்கிலக் குழுவினர் 1982இல் வெளியிட்ட இசைத்தட்டொன்றின் தலைப்பே பின்னர் மரபுக்குப் பெயராயிற்று. சுவீடன் நாட்டுப் பாத்தொரி குழு 1984 முதலாக அதன் ஓசையை உருவாக்கிற்று. நோர்வேயில் மேஹெம், டார்க்த்ரோன் முதலிய குழுவினர் 1990ஐ அடுத்த ஆண்டுகளில் அதற்குத் திட்டமானதோர் இலக்கணத்தை வகுத்தனர். மின்கிற்றாரில் ஒரு சுரத்தையே மிக விரைவாகத் திரும்பத் திரும்ப மீட்டி நடுங்கும் ஓசையாக்குதலும், முரசுகளை இடையறாது முடுகி அடித்தலும், பாடகன் பாடாது தொண்டை கிழியக் கதறுதலும், ஒலிப்பதிவை வேண்டுமென்றே மெருகின்றி விடுதலும் அவ்விலக்கணத்தின் பகுதிகள். இவற்றுள் எதுவும் கேட்போரை மகிழ்விக்கும் நோக்குடையதன்று.

இம்மரபின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே பலர் முகஞ் சுளிப்பதற்கு ஓசை மட்டும் காரணமன்று. 1992ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி, பேர்கன் நகரின் அயலில் இருந்த பாந்தொவ்த் என்னும் பழைய மரத் தேவாலயம் தீயிடப்பட்டு அழிந்தது. வேறு தேவாலயங்களும் அவ்வாறே எரிந்தன. 1993ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மேஹெம் குழுவின் கிற்றார்க் கலைஞர் மற்றோர் இசைஞராற் கொலையுண்டார். குற்றம் குற்றமே, அதனைக் கலையின் வீரமென்று போற்றுவார் கூற்று ஒருவாற்றானும் ஏற்கத்தக்கதன்று. உல்வர் குழு ஒஸ்லோ நகரில் உருவாகியது அதே 1993இல் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர்தம் பாடல்கள் தேவாலயத்தை எரிக்கும் கூட்டத்தாரின் முழக்கங்களாக அமையவில்லை. காடு, மலை, அந்தி, ஓநாய், பழங்கதை என்பனவே அவற்றின் பொருள். ஆயினும் அம்மரபின் ஓசையை அவர்கள் கைவிடவுமில்லை. ஆகவே, தீமையோடு சேர்த்தெண்ணப்பட்ட ஓசையொன்றைக் கொண்டு பிறிதொன்றைச் சொல்லல் இயலுமா என்னும் வினா, அவர் வேண்டினும் வேண்டாவிடினும், தொடக்கத்திலிருந்தே அவரைப் பற்றி நின்றது.

'பேர்க்தாத்' என்னும் சொல் மலையாற் கவரப்பட்டவரைக் குறிக்கும். மலைகளின் உள்ளேயும் நிலத்தின் கீழேயும் மாந்தரை ஒத்த ஓரினம் வாழ்கின்றது என்பது நோர்வே நாட்டுப்புற மக்களின் பழைய நம்பிக்கை. அவ்வினத்தார் அழகும் செல்வமும் உடையர். தனித்துத் திரிவோரைத் தம்பால் அழைத்து மலைக்குள் வைத்துக்கொள்வர். தேவாலய மணியை அடித்தால் மலை தன் பிடியை விடும் என்பர். எனினும் மீண்டு வந்தவர் பலர் முன்போல இருப்பதில்லை. இபுசன் 1867இல் எழுதிய 'பேர் கின்ற்' நாடகத்தில் மலையரசனின் மண்டபம் வருவது இம்மரபு பற்றியே. எட்வார்ட் கிரீக் 1877-78இல் ஆடவர் குரல் ஒன்றுக்கும் நரம்புக் கருவிகளுக்கும் இரு கொம்புகளுக்குமாக அமைத்த பாடலொன்றும் மலையாற் கவரப்பட்டவனையே பொருளாகக் கொண்டது. ஆகவே இளைஞர் ஐவர் எடுத்துக்கொண்ட பொருள் புதியதன்று. புதுமை, அதனைச் சொல்லுதற்கு அவர்கள் தேர்ந்த ஓசைகளின் வைப்புமுறையிலேதான் உள்ளது.

'ஐந்து அதிகாரங்களில் ஒரு கதை' என்பது அவ்விசைத்தட்டின் துணைத்தலைப்பு. முழுவதும் கேட்பதற்கு ஏறத்தாழ 35 நிமிடம் போதும். பூதங்கள் உறையும் காட்டில் ஒரு பெண் வழி தவறுகின்றாள். இது முதல் அதிகாரம. மின்கிற்றார்கள் நடுங்குகின்றன, முரசுகள் ஓடுகின்றன, ஆனாற் பாடகர் கிறிஸ்தொபர் ரிக் கதறவில்லை. துறவியர் மடங்களிற் கேட்கும் குழுப்பாடலை ஒப்பத் தம் குரலையே பலவாக அடுக்கி அமைதியாகப் பாடுகின்றார். கருவிகள் விரைய, குரல் விரையாது அவற்றின் மேல் மிதந்து செல்கின்றது. இம்மரபில் இஃது அக்காலத்து அரிய செயல். 'ஞாயிறு குன்றின்பின் மறைகின்றது' என்னும் பொருளுடைய இரண்டாம் அதிகாரம் புல்லாங்குழலோடு தொடங்குகின்றது. ஒளி மறைந்தபின்னரே கதறல் முதன்முதற் கேட்கின்றது. கதறல் இங்கே அலங்காரமன்று; கதையில் இரவு வந்துவிட்டது என்பதற்கு அறிகுறி. மூன்றாம் அதிகாரத்தில் இசை திடீரென அறுந்துபோக, காட்டினூடே ஒருவர் ஓடும் காலடியோசை மட்டும் எஞ்சி நிற்கின்றது. ஓடுபவர் யார், துரத்துவது யாது என்பன சொல்லப்படாமையே அவ்விடத்தின் சிறப்பு.

இனி, இவ்விசைத்தட்டின் உயிர்நிலை நான்காம் அதிகாரத்திலுள்ளது. 'ஒரு குரல் அழைக்கின்றது' என்பது அதன் தலைப்பின் பொருள்; வெறும் அழைப்பன்று, ஆசைகாட்டி ஈர்க்கும் அழைப்பு. முரசு இல்லை, மின்கிற்றார் இல்லை, கதறல் இல்லை. மரக் கிற்றார் மெல்ல ஒலிக்க, குரல் தாலாட்டுவது போல வருகின்றது. ஐந்து அதிகாரங்களுள்ளும் செவிக்கு இனிமையானது இதுவே என்பதில் ஐயமில்லை. புதிதாகக் கேட்பவர் முந்திய அதிகாரங்களின் அச்சத்துக்குப்பின் இங்கே இளைப்பாறுதலும் இயல்பே. ஆனாற் கதையில் அவள் அழிவது இவ்விடத்திலேதான். காட்டின் இருளும் துரத்தும் காலடியும் அவளை மலைக்குட் கொண்டுசெல்லவில்லை. இனிய குரலே கொண்டு செல்கின்றது. அடுத்த அதிகாரம் மலையின் உள்ளறைகளுக்குட் சென்று முடிகின்றது. அச்சுறுத்தும் ஓசையால் ஓடிப் பிழைத்தவள் அச்சுறுத்தாத ஓசையால் அகப்பட்டாள். இளைப்பாறிய செவியும் அவளோடு சேர்ந்தே அகப்பட்டது என்பதைக் கேட்போன் பிந்தியே உணர்கின்றான். வல்லோசையையும் மெல்லோசையையும் ஒரு தட்டில் மாறிமாறி வைத்தவர் பலர். மெல்லோசையையே பொறியாக வைத்தவர் சிலரே.

இவ்விசைத்தட்டின் மொழி பற்றியும் சிறிது கூறல் வேண்டும். பாடல்கள் இன்றைய நோர்வே மொழியில் எழுதப்பட்டனவல்ல. பல நூற்றாண்டுகள் டென்மார்க்கோடு இணைந்திருந்த நோர்வே 1814இல் அவ்விணைப்பினின்று நீங்கிற்று. எனினும் எழுத்துமொழியாகத் தேனிய மொழியே அதன்பின்னும் நெடிது வழங்கிற்று. அஸ்பியோர்ன்சன், மோ என்னும் இருவர் 1841 முதலாக நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தேனிய எழுத்துமுறைக்குள் நோர்வே மக்களின் பேச்சு மெல்ல மெல்ல நுழைந்தது. இருபதாம் நூற்றாண்டிற் செய்யப்பட்ட எழுத்துத் திருத்தங்கள் பழைய முகத்தையே மாற்றிவிட்டன. நெடிய அகரம் போன்றதோர் ஒலியை இரண்டு எழுத்தால் எழுதிய வழக்கு 1917ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வட்டமிட்ட ஓரெழுத்துக்கு இடங்கொடுத்தது. உல்வர் குழுவினர் அவ்விரட்டை எழுத்தையும் வழக்கொழிந்த பிற உருவங்களையும் வேண்டுமென்றே மீட்டு எழுதினர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹோல்பேர்க் முதலியோர் எழுதிய காலத்து நடையின் சாயல் அதிற் படிந்துள்ளது.

பழைய சொல் பழைய உலகைக் கொணரும் என்பது எம்மொழிப் புலவரும் அறிந்த உத்தி. ஆனால் ஈண்டொரு முரண்பாடு உண்டு. இம்மரபினர் பலர் கிறித்தவத்துக்கு முற்பட்ட வைக்கிங் காலத்தையே தம் பழமையாகக் கொண்டாடினர். உல்வர் குழுவினர் மீட்ட மொழியோ, தேனிய ஆட்சிக்காலத்து அலுவலகங்களிலும் தேவாலயங்களிலும் வழங்கிய மொழி. போதகரின் கையிலிருந்த திருப்பாடற் புத்தகத்தின் மொழி. நோர்வே நாட்டான் ஒருவனுக்கு அவ்வெழுத்துமுறை காட்டை நினைவூட்டுவதினும் பாட்டனாரின் பழம்புத்தக அலமாரியையே நினைவூட்டும். இதனைக் குறையென்று கூறுவாரும் உளர். குறையன்று என்பதே பொருந்தும். நாட்டுப்புறக் கதைகள் அந்நாட்டுக் கல்வியுலகை வந்தடைந்தது அவ்வெழுத்துமுறை வாயிலாகவே. மலைக்குட் புகுந்த பெண்ணின் கதையை இல்லாத வைக்கிங் மொழியொன்றைப் புனைந்து சொல்லாமல், அது முதன்முதல் எழுத்தேறிய கோலத்திற் சொல்ல முயன்றமை இளைஞர்க்கு அரியதொரு நேர்மை.

இரண்டாவது இசைத்தட்டின் பெயர் 'அந்திப் பாடல்கள்' எனப் பொருள்படும். இதில் மின்கிற்றாரும் இல்லை, முரசும் இல்லை, கதறலும் இல்லை. மரக் கிற்றார்களும் செலோவும் அடுக்கிய குரல்களுமே பெரிதும் உள்ளன. பதின்மூன்று பாடல்களும் பெரும்பாலும் சிறியன. பலவற்றிற் சொற்களே இல்லை. ஒன்று கருவியேதுமின்றிக் குரலால் மாத்திரம் அமைந்தது. மற்றொன்று 'ஹல்லிங்' என்னும் நாட்டுநடனத்தின் பெயர் பூண்டது. முதற் பாடல் அஸ்பியோர்ன்சன், மோ தொகுப்பிலுள்ள கதையொன்றன் தலைப்பையே தாங்கி வருகின்றது.

இவ்வளவும் இனிமையானவை என்பதை மறுப்பார் இலர். இம்மரபோடு பழக்கமில்லாதார்க்கு உல்வர் குழுவை அறிமுகஞ் செய்ய விழைவோர் முதலிற் கொடுப்பதும் இத்தட்டையே. ஆயினும் மூன்றனுள்ளும் மெலிந்தது இது என்று துணிந்து கூறலாம். முதல் இசைத்தட்டின் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பதின்மூன்றாகப் பெருக்கினாற் போல்வது இது. ஆனால் அவ்வதிகாரத்தை இனிமையாகவும் அச்சந்தருவதாகவும் செய்தது அதன் முன்னும் பின்னும் நின்ற வல்லோசையன்றோ? அவ்வேலி நீங்கியபின் இனிமை இனிமையாக மட்டும் எஞ்சுகின்றது. அழைக்கும் குரல் உண்டு, அழைக்கப்படுபவள் இல்லை. அந்தி உண்டு; இரவு வரும் என்னும் கவலை இல்லை. கிற்றார் மீட்டும் முறையும் ஐரோப்பியச் செவ்விசை பயின்றோரின் தேர்ச்சிக்கு எட்டாதது. பாடகரே பிற்காலத்தில் இதனைச் செவ்விசை முயற்சியில் முதிர்ச்சி போதாதது என்னும் கருத்துப்படக் கூறியிருக்கின்றார். அவர் கூற்றிற் கடுமை மிகுதி. சொற்களைத் துறந்து குரலை மட்டும் வைத்துக்கொண்டதனால் இத்தட்டு ஒன்றைக் கண்டறிந்தது: இவர்தம் இசையின் உயிர் வேகத்திலோ இரைச்சலிலோ இல்லை, பண்ணின் நெறியிலேயே உள்ளது என்பதே அது. அக்கண்டறிவின் பயன் அடுத்த ஆண்டிலேதான் வெளிப்பட்டது.

மூன்றாவது தட்டைப் பற்றிப் பேசுமுன் அதனைச் சூழ்ந்த கதையொன்றை அகற்றல் வேண்டும். பெரிய இசை நிறுவனமொன்று கொடுத்த பணத்தை உயர்ந்த உடைக்கும் ஊர்திக்கும் செலவிட்டுவிட்டு, குழுவினர் காட்டினுள்ளே எளிய கருவியொன்றில் இதனைப் பதிவு செய்தனர் என்பது அக்கதை. குழுவினர் அதனை மறுத்துள்ளனர். ஆயினும் அது பரவியதற்குக் காரணம் விளங்குகின்றது. முதற் கணத்திலேயே மெல்லிய தகரத்தைக் கிழிப்பதுபோன்ற ஓசை செவியிற் பாய்கின்றது. அடியொலி குன்றி, கீச்சொலி மிகுந்து, இடையிடையே இரைச்சல் தொடர்கின்றது. கதறல் எங்கோ தொலைவிலிருந்து வருகின்றது. பழைய தட்டுக்களில் மிதந்த குழுப்பாடற் குரல் ஓரிடத்தும் இல்லை. 'மனிதனுள் இருக்கும் ஓநாய்க்கு எட்டுத் திருப்பாடல்கள்' என்பது துணைத்தலைப்பு. அச்சம், பிசாசு, வெறுப்பு, மனிதன், நிலவு, வேட்கை, ஊழ், இரவு என ஒவ்வொன்றும் ஓநாயோடு இணைத்துப் பெயரிடப்பட்டுள்ளது.

இதனைக் கேட்டுக் கருவியைப் பாதியில் நிறுத்துவார் மேற் குறைகூறுதற்கில்லை. அவ்வாறு நிறுத்தாதார், இரண்டாம் மூன்றாம் முறையில், இரைச்சலின் கீழே ஒன்றைக் கேட்பர். இரு கிற்றார்கள் இடச்செவிக்கொன்றும் வலச்செவிக்கொன்றுமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவை ஒரே பண்ணை இரட்டிப்பனவல்ல. ஒன்று ஏற மற்றொன்று இறங்கியும், ஒன்று நிற்க மற்றொன்று நடந்தும், இரண்டு குரல்கள் போலப் பின்னிச் செல்கின்றன. ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து மரக் கிற்றாரில் மெதுவாக மீட்டினால், 'அந்திப் பாடல்க'ளின் நடுவே வைக்கத்தக்க பண்ணாகவே தோன்றும். மெல்லோசை தொலையவில்லை, வல்லோசையின் எலும்பாக உள்ளே இறங்கிவிட்டது. முதல் திருப்பாடலின் இடையில் மரக் கிற்றார் சிறுபொழுது தனித்து ஒலித்து மறைவதைக் கேட்பவர்க்கு இது நன்கு புலப்படும். முந்திய தட்டு ஒரு கணம் தலைகாட்டி மறைவதுபோல்வது அது.

இந்நிலையில் 'மத்ரிகால்' என்னும் சொல்லை எள்ளலாக வைத்த பெயர் என்று தள்ளிவிடல் தகாது. மத்ரிகால் என்பது பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியிற் செழித்த பாடல்வகை. பல குரல்கள் தத்தம் வழியே சென்று பின்னிப்பிணைவது. கோயிற் பாடலன்று, உலகியற் காதலையும் துயரையும் பாடுவது. அவ்வகையை அதன் எல்லைவரை கொண்டு சென்றவர் குளோடியோ மொன்தெவேர்தி என்பார். 1638இல் வெளியிட்ட தம் எட்டாம் மத்ரிகால் தொகுதியின் முன்னுரையில் அவர் கூறும் கருத்து ஈண்டைக்கு மிகவும் வேண்டப்படுவது. மனித உள்ளத்தின் உணர்ச்சிகள் சினம், அமைதி, பணிவு என மூவகைப்படும். அவற்றுக்கேற்பக் கொதிப்புடையது, நடுவணது, மெல்லியது என இசைநடையும் மூவகைப்படும். முன்னையோர் இசையிற் பின்னைய இரண்டும் உளவேயன்றிக் கொதிப்புடைய நடை இல்லை என்பது அவர் கருத்து. அக்குறையை நீக்க அவர் கண்ட வழி யாதெனில், ஒரு நெடிய சுரத்தைப் பதினாறாகத் துணித்து அதனையே விரைந்து திரும்பத் திரும்ப ஒலித்தலாம். தங்கிரேதியும் குளோரிந்தாவும் பொருத போரைப் பாடும் தம் படைப்பில், 1624ஆம் ஆண்டு வெனிசு நகரில், அவர் அதனைச் செய்து காட்டினார். பிளாக் மெற்றல் கிற்றாரின் நடுக்கம் அவ்வுத்தியையே மின்னாற் பெருக்கியதாகும். உல்வர் குழுவினர் மொன்தெவேர்தியைக் கற்றுத்தான் இப்பெயரை வைத்தனர் என்று சாதிக்க வேண்டுவதில்லை. ஒரு சுரத்தைத் துணித்து மீட்டல் சினத்தின் மொழியென ஐரோப்பிய இசை முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தது; அக்கண்டறிவு மத்ரிகால் என்னும் வடிவத்துள்ளேயே நிகழ்ந்தது. ஆதலாற் பெயர் பொருந்துகின்றது.

வல்லினம், மெல்லினம், இடையினம் என எழுத்தை வகுத்த தமிழிலக்கணம் கற்றார்க்கு மொன்தெவேர்தியின் முக்கூற்றுப் பாகுபாடு அயலானதாகத் தோன்றாது. தொல்காப்பியர் செய்யுளியலிற் கூறும் இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணமும் உண்டு, மெல்லிசை வண்ணமும் உண்டு, இடையெழுத்து மிக்கு வரும் இயைபு வண்ணமும் உண்டு. அவற்றுள் ஒன்று உயர்ந்தது, ஒன்று இழிந்தது என அவர் தரம் பிரித்தாரல்லர். வல்லிசை வண்ணம் பாடத் தெரியாதான் செய்த பிழையுமன்று. பொருள் வேண்டுமிடத்து வேண்டப்படும் நடை. உல்வர் குழுவின் மூன்று தட்டுக்களையும் இடை, மெல், வல் என வரிசைப்படுத்தல் கூடும். ஆனால் அவ்வரிசை ஒருபுடை ஒப்புமையே. முதல் தட்டு ஏனை இரண்டுக்கும் நடுநிலை வகிப்பதன்று. அவ்விரண்டும் தோன்றுவதற்கு இடமான வித்து.

இவ்வாறு கூறியதன்மேல் ஒரு தடை எழும். பண் உள்ளே இருக்குமாயின் அதனை வெளிப்படையாக இசைத்தால் என்ன? இரைச்சலால் மூடுவது கேட்போரை வீணே வருத்துவதன்றோ? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பண்ணை இரைச்சலால் மூடிய பிறர் பலர் உள்ளே யாதும் இல்லாமையை மறைத்தற்கே மூடினர் என்பதும் உண்மை. ஆயின் இத்தட்டின் பொருளை நோக்குக. மனிதன் ஒருவன் ஓநாயாதல் பற்றியது அது. ஓநாயாக மாறியவனின் துயரம், அவன் முழுதும் ஓநாயாகிவிடாமை. உள்ளே பாடும் குரல் இன்னும் உண்டு. வெளியே வருவது ஊளை மட்டுமே. பண் தெளிவாக ஒலித்திருந்தால் அவன் மனிதனாகவே இருந்திருப்பான். பண்ணே இல்லாதிருந்தால் வெறும் விலங்காயிருப்பான். கேட்போன் செவியை வருத்திக்கொண்டு உள்ளிருக்கும் பண்ணைத் தேடும் முயற்சியே இங்கே கதையாக நிகழ்கின்றது. முதல் தட்டு ஐந்து அதிகாரங்களிற் சொல்லிய கதையை இத்தட்டு ஒலிப்பதிவின் முறையாலேயே சொல்லிவிடுகின்றது. எட்டுப் பாடலும் ஒரே நிறமாயிருத்தலால் ஐந்தாவதை அடையுமுன் செவி சோர்வது மெய், அது குறையே. ஏறத்தாழ 44 நிமிடங்களுக்கு இவ்வோசையைத் தாங்குதல் எல்லார்க்கும் இயல்வதன்று.

முன்னர்க் கூறிய குற்றங்களின் நிழல் இத்தட்டின் மேல் விழுகின்றதா என்பதையும் நோக்கல் தகும். 'வெறுப்பு' என்று தலைப்பிட்ட பாடலும் 'பிசாசு' என்று தலைப்பிட்ட பாடலும் இதில் உள. ஆனால் ஓநாய் பிற மதத்தானோ அயலானோ அல்லன். துணைத்தலைப்பின்படி அது மனிதனுள்ளேயே இருப்பது. தேவாலயத்துக்குத் தீயிட்டவர் தீமையை ஒரு கொடியாக உயர்த்திப் பிறர்மேல் ஏவினர். இத்தட்டிலோ தீமை ஒரு நோயாக உடலிற் புகுந்து, அதனையுடையானையே தின்கின்றது. ஓசை ஒன்றேயாயினும் அது சுட்டும் திசை வேறு. அத்திசைவேறுபாட்டைக் கேளாது, ஓசையை மட்டும் கொண்டு இருதிறத்தாரையும் ஒருங்கு தள்ளுவோர், குரலின் இனிமையை மட்டும் நம்பி மலைக்குட் சென்றவளின் தவற்றையே மறுதலையாகச் செய்கின்றனர்.

1997ஆம் ஆண்டிலேயே மூன்று தட்டுக்களும் ஒரு பெட்டியில் வைத்து ஒரே தொகுதியாக வெளியிடப்பட்டன. 2014இல் குழுவின் 1993ஆம் ஆண்டுத் தொடக்கப் பதிவோடு சேர்த்து மறுபடியும் தொகுக்கப்பட்டன. குழுவினரோ 1998இலேயே இம்மரபை விட்டு நீங்கி, வில்லியம் பிளேக் என்னும் ஆங்கிலக் கவிஞரின் நூலொன்றனை மின்னணு இசையோடு அமைத்து இரட்டைத் தட்டாக வெளியிட்டனர். அவர்க்கு வல்லோசையிற் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது போலும். அதன்பின் வெளியிட்ட தட்டுக்கள் தனித்த ஆராய்ச்சிக்குரியன.

மூன்றனையும் வெளிவந்த முறையிலே கேட்பதே வழக்கம். மூன்றாவதை முதலிற் கேட்டு, அதன் இரைச்சலுக்குள் இரு கிற்றார்களையும் பிரித்தறியச் செவியைப் பழக்கியபின் 'பேர்க்தாத்'துக்குத் திரும்புவார்க்கு நான்காம் அதிகாரம் வேறாகக் கேட்கும். மரக் கிற்றார் முன்போலவே மெல்ல ஒலிக்கின்றது. குரல் முன்போலவே அழைக்கின்றது. அவர் செவி இம்முறை இளைப்பாறுவதில்லை.